மனிதருக்கு மணக்காத செய்தி: செயற்கை ஃபெரோமோன் நாயையும் பூனையையும் அமைதிப்படுத்துமா?

வீடு மாறி மூன்று நாளாகியும் பூனை கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. இடி இடித்தால் நாய் குளியலறை மூலையில் ஒண்டிக்கொண்டு நடுங்குகிறது. கால்நடை மருத்துவர் ஒருவர், மின்பிளக்கில் செருகினால் செயற்கை ஃபெரோமோனைக் காற்றில் பரப்பும் சின்ன டிஃப்யூசர் ஒன்றை வாங்கச் சொல்கிறார். இன்னொரு மருத்துவர் அதற்குச் செலவழிப்பதே வீண் என்கிறார். விசாரித்தால் குழப்பம் கூடத்தான் செய்கிறது. ஒரே வாரத்தில் பூனை பழையபடி ஆகிவிட்டது என்பவரும் இருக்கிறார், இரண்டு மாதம் ஓட்டியும் ஒரு மாற்றமும் இல்லை என்பவரும் இருக்கிறார்.

இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். செயற்கை ஃபெரோமோனை அமைதி மருந்து என்று நினைத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. மருந்து ரத்தத்தில் கலந்து வேலை செய்யும். ஃபெரோமோன் ஒரு செய்தியை மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தச் செய்தியை விலங்கு ஏற்றுக்கொள்ளுமா என்பது அதைச் சுற்றி வேறென்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. இதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

ஃபெரோமோன் என்றால் என்ன?

ஹார்மோன் உடலுக்குள்ளேயே ஓர் உறுப்பிலிருந்து இன்னோர் உறுப்புக்குச் செய்தி கொண்டுபோகும். ஃபெரோமோன் உடலை விட்டு வெளியே வந்து, அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு விலங்குக்குச் செய்தி சொல்லும். அதை உணர்ந்த விலங்கின் நடத்தையிலோ உடல்நிலையிலோ குறிப்பிட்ட ஒரு மாற்றம் உண்டாகும். கிரேக்க மொழியில் 'சுமந்து செல்', 'தூண்டு' என்று பொருள்படும் இரண்டு சொற்களைச் சேர்த்து, பீட்டர் கார்ல்சன், மார்ட்டின் லூஷர் என்ற இரு அறிவியலாளர்கள் 1959-இல் இந்தப் பெயரை வைத்தார்கள்.

அதே ஆண்டில்தான் முதல் ஃபெரோமோனின் வேதியியல் அமைப்பும் தெரியவந்தது. ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் பூட்டனான்ட், ஏறக்குறைய 20 ஆண்டு உழைப்பில், சுமார் 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். பாம்பிகால் என்று அதற்குப் பெயர். அதன் மிகச் சிறிய அளவு எட்டினாலே போதும், ஆண் பூச்சி படபடவென்று இறக்கையடிக்கத் தொடங்கிவிடும்.

பாலூட்டிகளில் கதை இவ்வளவு நேர்க்கோடாக இருப்பதில்லை. அவற்றின் மூளை அனுபவத்தையும் நினைவையும் சூழலையும் சேர்த்து எடைபோட்ட பிறகே முடிவெடுக்கும். நாயும் பூனையும் பாலூட்டிகள் என்பதை இந்தக் கட்டுரை முழுக்க நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூக்குக்குள் இன்னொரு மூக்கு

சாதாரண வாசனையை உணர்கிற பகுதியைத் தவிர, நாய்க்கும் பூனைக்கும் மூக்கின் அடித்தளத்தில், மேலண்ணத்துக்குச் சற்று மேலே, குழாய் போன்ற ஓர் உறுப்பு உண்டு. 1813-இல் டென்மார்க்கைச் சேர்ந்த லுட்விக் ஜேக்கப்சன் இதை விரிவாக விவரித்ததால் ஜேக்கப்சன் உறுப்பு என்று சொல்வார்கள். வோமெரோநேசல் உறுப்பு என்பதும் இதுதான். மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் சிறு துளை வழியாக வாய்க்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது.

பூனை வளர்ப்பவர்கள் இந்த உறுப்பு வேலை செய்வதைக் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள். இன்னொரு பூனை சிறுநீர் கழித்த இடத்தையோ கழற்றிப் போட்ட செருப்பையோ முகர்ந்துவிட்டு, பூனை அப்படியே உறைந்து நிற்கும். மேலுதடு லேசாக உயரும், வாய் பாதி திறந்திருக்கும், பார்வை எங்கோ நிலைகுத்தியிருக்கும். அருவருப்பில் முகம் சுளிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது அந்த வேதிப்பொருளை நாக்காலும் மூச்சாலும் உள்ளே இழுத்து ஜேக்கப்சன் உறுப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஃபிளேமன் என்று இந்தச் செயலுக்குப் பெயர். நாய் இவ்வளவு வெளிப்படையாகச் செய்யாது. வேறொரு நாயின் சிறுநீரை நக்கிவிட்டுப் பற்கள் மெல்ல அடித்துக்கொள்ள நின்றால், ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது.

இந்த உறுப்பிலிருந்து கிளம்பும் நரம்புச் சமிக்ஞை, பயம், எச்சரிக்கை போன்ற உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா என்ற மூளைப் பகுதிக்கும், உடலின் அழுத்த எதிர்வினையை இயக்கும் ஹைப்போதலாமஸுக்கும் போகிறது. ஒரு வாசனைப் பொருளால் மன அழுத்தம் குறையலாம் என்ற எண்ணத்துக்கு இந்தப் பாதைதான் அடிப்படை. ஆனால் எல்லா ஃபெரோமோனும் இந்த வழியில்தான் போகும் என்று சொல்ல முடியாது. சில, சாதாரண மூக்கின் வழியாகவே உணரப்படுகின்றன.

இன்னொரு விவரமும் உண்டு. இந்த உறுப்பில் வேதிப்பொருளைப் பிடித்து உணரும் ஏற்பிகளுக்கான மரபணுக்களில் ஒரு முக்கியமான வகையை எடுத்துக்கொண்டால், நாயிடம் செயல்படும் நிலையில் இருப்பவை 10-க்கும் குறைவு. பூனையிடம் அதைப்போல் இருமடங்குக்கு மேல் இருக்கின்றன. மோப்பத்துக்குப் பெயர்போன நாயை விட, இந்த ஒரு வழியில் பூனைதான் நுட்பமாகப் படிக்கிறது.

பூனையின் கன்னமும் தாய்நாயின் மடியும்

சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று இயற்கைச் செய்திகளின் நகல்கள்.

1. பூனையின் கன்னச் செய்தி. பூனை நாற்காலிக் கால், கதவு விளிம்பு, சுவர் மூலை என்று போகிற இடமெல்லாம் கன்னத்தைத் தேய்க்கும். சில மாதங்கள் போனால், அந்தச் சுவர் மூலையில் பூனையின் தலை உயரத்தில், எண்ணெய்ப் பிசுக்கோடு மங்கிய பழுப்புக் கறை ஒன்று படிந்திருப்பதைப் பார்க்கலாம். பிரெஞ்சு கால்நடை மருத்துவர் பாட்ரிக் பஜா 1990-களில் இந்தக் கன்னச் சுரப்பை ஆராய்ந்து, F1 முதல் F5 வரை ஐந்து பகுதிகளாகப் பிரித்தார். பொருள்கள் மீது பூனை தேய்த்துவிட்டுப் போவது F3. 'இது எனக்குத் தெரிந்த இடம்' என்று பூனை தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் குறிப்பு என்று அதைச் சொல்லலாம். ஃபெலிவே என்ற பெயரில் விற்கப்படுவது முதலில் இதன் நகலாகத்தான் வந்தது.

2. தாய்நாயின் மடிச் செய்தி. குட்டி ஈன்ற சில நாட்களில், தாய்நாயின் மடிக் காம்புகளுக்கு நடுவே உள்ள தோல் சுரப்பிகள் ஒரு கொழுப்புக் கலவையைச் சுரக்கத் தொடங்குகின்றன. கண் திறக்காத குட்டி அம்மாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும்போது இந்தச் செய்தியும் சேர்ந்தே போகிறது. வளர்ந்த நாய்களும் இதற்குச் செவிசாய்க்கும் என்பது தயாரிப்பாளர்களின் அடிப்படை வாதம். அடாப்டில் என்ற பெயரில் விற்கப்படுவது இதன் நகல்.

3. தாய்ப்பூனையின் மடிச் செய்தி. ஒரே வீட்டில் பல பூனைகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு திரியும்போது பரிந்துரைக்கப்படுவது இது.

இந்த மூன்றையும் பெரும்பாலும் விற்பது பிரான்ஸைச் சேர்ந்த சேவா நிறுவனம். 'ஃபெலிவே கிளாசிக்', 'ஃபெலிவே ஃபிரண்ட்ஸ்' என்று பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் வாங்குபவர் தடுமாறுகிறார். முதலாவது கன்னச் செய்தி, இரண்டாவது மடிச் செய்தி. பூனைகளுக்குள் சண்டை என்றால் முதலாவதை வாங்கி வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்வதில் பொருளில்லை. நாய்க்கானதும் அப்படித்தான், பூனைக்கு அதனால் பயனில்லை.

குப்பிக்குள் என்ன இருக்கிறது?

விலங்கிலிருந்து எடுத்தது எதுவும் இல்லை. ஆய்வகத்தில் கலந்த கொழுப்பு அமிலங்களும் அவற்றின் வழிப்பொருள்களும்தான். பூனையின் F3-இல் அசலாயிக், பிமெலிக், பால்மிட்டிக் அமிலங்கள் உண்டு. நாய்க்கான கலவை, ஒலேயிக், லினோலேயிக், பால்மிட்டிக் போன்ற கொழுப்பு அமிலங்களின் மெத்தில் எஸ்டர்கள். மனித மூக்குக்கு இவை கிட்டத்தட்ட எட்டாது. டிஃப்யூசரைச் செருகிவிட்டு 'ஒரு வாசனையும் வரவில்லையே, கெட்டுப்போய்விட்டதோ' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஐயத்தோடு பார்க்கும் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கேள்வி எழுப்புகிறார்கள், அது நியாயமான கேள்விதான். பால்மிட்டிக், ஒலேயிக் அமிலங்கள் எந்தச் சமையல் எண்ணெயிலும் இருப்பவை. இப்படி எங்கும் கிடக்கிற பொருள்களின் கலவை ஒரு தனிச் செய்தியாக எப்படி ஆகும்? கலவையின் விகிதத்தில்தான் செய்தி இருக்கிறது என்பது ஒரு பதில். அப்படியானால் அந்த விகிதத்தை மாற்றினால் விளைவும் மாறுகிறது என்று காட்ட வேண்டும்.

எப்படிக் காட்டுவது என்பதற்கு முயல் நல்ல எடுத்துக்காட்டு. தாய் முயல் நாளுக்கு ஒரு முறை, சில நிமிடங்களே குட்டிகளுக்குப் பால் கொடுக்க வரும். அதற்குள் குட்டி காம்பைப் பிடித்தாக வேண்டும். 2003-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் முயல் பாலிலிருந்து 2-மெத்தில்பியூட்-2-ஈனல் என்ற ஒரே ஒரு மூலக்கூறைப் பிரித்தார்கள். அதை ஒரு கண்ணாடிக் குச்சியில் தடவி நீட்டினாலே குட்டி தலையை ஆட்டித் தேடி வாயால் கவ்வுகிறது. ஒரு மூலக்கூறு, ஒரு நடத்தை, மறுபடியும் மறுபடியும் அதே விளைவு. நாய், பூனைக்கான கலவைகள் இந்த அளவு கறாரான நிரூபணத்தை இன்னும் எட்டவில்லை. அதனால்தான் இவற்றை ஃபெரோமோன் என்று அழைப்பதையே சில விலங்கியலாளர்கள் ஏற்பதில்லை. அதற்காக இவை பயனற்றவை என்று முடிவுகட்டிவிட முடியாது. பெயர் சரியா என்பது ஒரு கேள்வி, பயன் உண்டா என்பது வேறு கேள்வி.

ஆய்வுகள் எங்கே நிற்கின்றன?

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். 2010-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில், அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துச் சலித்த கட்டுரை ஒன்று வெளியானது. அதன் முடிவு தயாரிப்பாளர்களுக்கு உவப்பானதல்ல. பட்டாசுச் சத்தத்துக்குப் பயப்படும் நாய், காரணம் தெரியாத சிறுநீர்ப்பை அழற்சி உள்ள பூனை, மருத்துவமனையில் இருக்கும் பூனை என்று பெரும்பாலான பயன்பாடுகளுக்குச் சான்று போதாது என்றது அந்தக் கட்டுரை. ஒரே ஓர் ஆய்வைத்தான் தேறியதாகச் சொன்னது. 2008-இல் வந்த அந்த ஆய்வில், பயிற்சி வகுப்புக்குப் போன 45 நாய்க்குட்டிகளில் ஒரு பகுதிக்கு ஃபெரோமோன் காலரும் மறு பகுதிக்கு ஃபெரோமோன் இல்லாத வெற்றுக் காலரும் அணிவிக்கப்பட்டன. ஃபெரோமோன் காலர் அணிந்த குட்டிகளிடம் பயமும் பதற்றமும் குறைவாகத் தெரிந்தன.

அடுத்த ஆண்டே வேறு திசையில் ஒரு முடிவு வந்தது. பூனை நின்றபடி வாலை நிமிர்த்திச் சுவரில் சிறுநீர் பீய்ச்சும் பழக்கத்துக்கான சிகிச்சைகளை 2011-இல் ஒரு தொகுப்பாய்வு ஒப்பிட்டுப் பார்த்தது. ஃபுளூவோக்ஸெடின், குளோமிப்ரமின் என்ற இரு மருந்துகளோடு ஃபெரோமோனும் பயன் தருவதாக அதில் தெரிந்தது. இதில் வியப்பில்லை. சிறுநீர் பீய்ச்சுவதும் கன்னம் தேய்ப்பதும் இடத்தைக் குறிக்கும் இரு வழிகள். ஏற்கெனவே கன்னக் குறி இருக்கிற இடத்தில் பூனை சிறுநீர்க் குறி போடுவது குறைவு. செய்திக்கும் பிரச்சினைக்கும் நேர்ப் பொருத்தம் இருக்கிற இடம் இது. இருக்கிற சான்றுகளில் எனக்கு நம்பிக்கை தருவதும் இதுதான்.

பொருத்தம் இல்லாத இடத்தில் படம் மாறிவிடுகிறது. விலங்குக் காப்பகத்தில் புதிதாகச் சேர்ந்த பூனைகளுக்கு ஃபெரோமோன் உதவுமா என்று சோதித்த ஆய்வு 2017-இல் வெளியானது. மன அழுத்த மதிப்பெண்ணும் குறையவில்லை, மேல் சுவாசத் தொற்றும் குறையவில்லை. சுற்றிலும் நாய்க் குரைப்பு, கம்பிக் கூண்டு, தெரியாத மனிதர்கள், நூறு பூனைகளின் மணம். அங்கே ஒரு டிஃப்யூசர் மட்டும் 'இது உன் வீடு' என்று சொன்னால் எந்தப் பூனை நம்பும்?

பல பூனை வீடுகளுக்கான மடிச் செய்தியை 45 வீடுகளில் சோதித்த ஆய்வு 2019-இல் வந்தது. ஃபெரோமோன் வைத்த வீடுகளில் சண்டை குறைந்தது. வெற்றுத் திரவம் வைத்த வீடுகளிலும் குறைந்தது, ஆனால் அவ்வளவு இல்லை. இரண்டு பிரிவினருக்கும் பூனைச் சண்டையைக் கையாளும் விதம் பற்றி முன்கூட்டியே வகுப்பு எடுத்திருந்தார்கள். பலனில் ஒரு பங்கு அந்த வகுப்பினுடையது என்று எடுத்துக்கொள்வதுதான் நேர்மை.

செய்தித்தாளிலோ விளம்பரத்திலோ 'ஆய்வில் நிரூபணம்' என்று பார்த்தால் மூன்று விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள்.

1. வெற்றுத் திரவத்தோடு ஒப்பிட்டார்களா? பிரிந்திருந்தால் பதறும் நாய்களுக்கு ஃபெரோமோனும் குளோமிப்ரமினும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தன என்று 2005-இல் ஓர் ஆய்வு சொன்னது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு சிகிச்சையை ஒன்றோடொன்று மட்டும் ஒப்பிட்டால், நாட்கள் போகப்போகத் தானாகக் குறைந்தது எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது.

2. யார் மதிப்பெண் போட்டார்கள்? பெரும்பாலும் வளர்ப்பவர்தான். நாய்க்கு வெற்று மாத்திரை கொடுத்தால் நாய்க்குத் தெரியாது, ஆனால் கொடுப்பவர் நம்பிக்கையோடு பார்க்கிறார். நாய்களின் வலிப்பு நோய்க்கான ஆய்வுகளை 2010-இல் சேர்த்துப் பார்த்தபோது, வெற்று மாத்திரை வாங்கிய 28 நாய்களில் 22 நாய்களுக்கு வலிப்பு குறைந்ததாகப் பதிவாகியிருந்தது. வலிப்பு எண்ணிக் குறிக்கக்கூடியது. அதிலேயே இப்படி என்றால், 'கொஞ்சம் அமைதியாக இருக்கிறது' என்ற கணிப்பில் எவ்வளவு வழுக்கல் இருக்கும்!

3. யார் செலவு செய்தார்கள்? இந்தத் துறையின் ஆய்வுகளில் கணிசமானவை தயாரிப்பாளரின் நிதியில் நடந்தவை. அதனால் அவை பொய் என்றாகிவிடாது. ஆனால் தொடர்பில்லாத குழு செய்த ஆய்வும் அதையே சொல்கிறதா என்று பார்ப்பது நல்லது.

மொத்தத்தில், சிறுநீர் பீய்ச்சலுக்கும் நாய்க்குட்டிப் பயிற்சிக்கும் ஓரளவு வலுவான ஆதரவு இருக்கிறது. பயணம், புது வீடு, பூனைகளுக்குள் உரசல் ஆகியவற்றில் முயன்று பார்க்கக் காரணம் இருக்கிறது. கடும் சத்த பயம், ஆவேசம், கடிக்கும் பழக்கம் ஆகியவற்றுக்கு இதை மட்டும் நம்பியிருப்பது தவறு.

ஒரு வீட்டில் பலித்தது இன்னொரு வீட்டில் ஏன் பலிப்பதில்லை?

முதல் காரணம் சூழல். டிஃப்யூசர் 'இது பத்திரமான இடம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மூன்று பூனைக்கு ஒரே லிட்டர் பாக்ஸ் (பூனை மலஜலம் கழிக்கும் மணல் பெட்டி), ஒரே சாப்பாட்டுத் தட்டு, ஏறி ஒதுங்க ஓர் அலமாரிகூட இல்லை என்றால், கண்ணும் காதும் சொல்வதைத்தான் பூனை கேட்கும். பூனைகளின் எண்ணிக்கையை விட ஒரு லிட்டர் பாக்ஸ் கூடுதலாக, தனித்தனி இடங்களில் வைக்க வேண்டும் என்பது நடத்தை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. இது பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும் வீடுகள் உண்டு.

இரண்டாவது, நாமே செய்தியை அழித்துக்கொண்டிருப்பது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. முன்பு சொன்ன அந்தப் பழுப்புக் கறையை அழுக்கு என்று நினைத்து வாரம் தவறாமல் தேய்த்துத் துடைக்கிறோம். பூனை இத்தனை நாள் எழுதிவைத்த குறிப்பு முழுவதும் போய்விடுகிறது. மறுபடி எழுத வேண்டிய கட்டாயத்தில், பதற்றமான பூனை கன்னத்துக்குப் பதில் சிறுநீரால் எழுதிவிடலாம். 2013-இல் பூனை மருத்துவ அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டுதல், பூனைக்கு நல்ல சூழலின் ஐந்து தூண்களில் ஒன்றாக அதன் மோப்ப உணர்வை மதிப்பதைச் சொல்கிறது. துடைப்பதை முழுக்க விட வேண்டாம், எல்லா மூலைகளையும் ஒரே நாளில் துடைக்காமல் இருந்தால் போதும்.

மூன்றாவது, விலங்குக்கு விலங்கு உள்ள வேறுபாடு. ஜேக்கப்சன் உறுப்பில் அழற்சி இருந்த பூனைகள் மற்ற பூனைகளோடு சண்டையிடுவது அதிகம் என்று 2016-இல் ஒரு பிரெஞ்சு ஆய்வு சொன்னது. சிறிய ஆய்வுதான். இருந்தாலும், செய்தியைப் படிக்கும் உறுப்பே பழுதாகியிருந்தால் செய்தி போய்ச் சேராது என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

வாங்கிவிட்டால் எப்படிப் பயன்படுத்துவது?

பலன் இல்லை என்று சொல்பவர்களில் ஒரு பகுதியினர், வைக்கும் முறையில்தான் தவறு செய்கிறார்கள்.

1. டிஃப்யூசர்: விலங்கு அதிக நேரம் இருக்கும் அறையில், திறந்த இடத்தில் செருகுங்கள். சோபாவுக்குப் பின்னால், திரைக்கு அடியில், அலமாரிக்குக் கீழே வேண்டாம். இந்தக் கொழுப்பு அமிலங்கள் எளிதில் ஆவியாகாதவை, வெப்பத்தால் மேலே எழுந்து பரவ வேண்டும். தடுப்பு இருந்தால் அங்கேயே படிந்துவிடும். ஒன்று சுமார் 50 முதல் 70 சதுர மீட்டர் வரை எட்டும். 24 மணி நேரமும் ஓட வேண்டும். குப்பி ஏறக்குறைய 30 நாள் வரும். ஒரு வாரத்துக்கு முன்னால் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

2. ஸ்பிரே: பயணக் கூண்டுக்கு ஏற்றது இதுதான். கூண்டின் உள்மூலைகளிலும் விரிப்பிலும் 8 முதல் 10 முறை அடித்துவிட்டு, 15 நிமிடம் காத்திருங்கள். இதில் கரைப்பான் ஆல்கஹால். அது பறக்கும் முன் பூனையை உள்ளே விட்டால், அந்த நெடியில் மூக்கைச் சுருக்கிக்கொண்டு பின்வாங்கும். அடுத்த முறை கூண்டைப் பார்த்தாலே ஓடும். அமைதிக்காக அடித்தது பயத்தைக் கற்றுக்கொடுத்ததாக ஆகிவிடும். விளைவு சுமார் 4 முதல் 5 மணி நேரம். விலங்கின் உடல் மீது நேரடியாக அடிக்கவே கூடாது.

3. காலர்: உடல் சூட்டில்தான் வேலை செய்யும் என்பதால் தோலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அதேசமயம் இரண்டு விரல் நுழையும் இடைவெளியும் வேண்டும். சுமார் 4 வாரம் தாங்கும். குளிப்பாட்டும்போது கழற்றிவிடுங்கள்.

4. செலவில்லாத வழி: மெல்லிய பருத்தித் துணியால் பூனையின் கன்னத்தை மெதுவாக, அது விரும்பும்வரை மட்டும் தேய்த்து எடுங்கள். அந்தத் துணியைப் புது வீட்டின் கதவு விளிம்புகளிலும் நாற்காலிக் கால்களிலும் பூனையின் தலை உயரத்தில் ஒற்றுங்கள். அசல் F3 அதில்தான் இருக்கிறது.

5. சிறுநீர் பட்ட இடம்: அமோனியா கலந்த துப்புரவுத் திரவம் வேண்டாம், அதன் நெடி சிறுநீரை ஒத்திருக்கும். நொதி கலந்த திரவத்தால் சுத்தம் செய்து, நன்றாகக் காயவிடுங்கள்.

பக்கவிளைவு என்று பெரிதாக எதுவும் இல்லை. ரத்தத்தில் கலக்கும் மருந்து அல்ல என்பதால், வேறு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் விலங்குக்கும், வயதான விலங்குக்கும், கருவுற்ற விலங்குக்கும் பயன்படுத்தலாம். கூண்டில் பறவை வளர்ப்பவர்கள் மட்டும் டிஃப்யூசரை வேறு அறையில் வைப்பது நல்லது. பறவையின் சுவாச மண்டலம் காற்றில் கலந்த எதையும் எளிதில் தாங்காது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. 'அமைதி தரும் இயற்கை எண்ணெய்' என்று லாவெண்டர், டீ ட்ரீ போன்ற தாவர எண்ணெய்களை இதே மாதிரியான டிஃப்யூசரில் விற்கிறார்கள். அவை ஃபெரோமோன் அல்ல. மனிதருக்கு மணமாக இருப்பவை. இவற்றில் பலவற்றை உடைத்து வெளியேற்றத் தேவையான கல்லீரல் நொதிகள் பூனையிடம் குறைவு. டீ ட்ரீ எண்ணெய் பூனைக்கும் நாய்க்கும் நஞ்சாகும். வாங்குமுன் குப்பியில் எழுதியிருப்பதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நினைவை நம்பாதீர்கள். டிஃப்யூசரைச் செருகுவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு நோட்டில் எண்ணத் தொடங்குங்கள். இன்று எத்தனை முறை சுவரில் பீய்ச்சியது, எத்தனை முறை சீறிக்கொண்டது, வீட்டில் ஆள் இல்லாதபோது நாய் எத்தனை நிமிடம் குரைத்தது என்று எண்ணால் எழுதுங்கள். 'பரவாயில்லை', 'மோசம்' என்று எழுதினால் பயன்படாது. ஆள் இல்லாத நேரத்துக்கு ஒரு பழைய கைபேசியைக் கேமராவாக வைத்துவிடலாம். செருகிய பிறகு 30 நாள் அதேபோல் எழுதுங்கள். வீட்டில் இருக்கும் இன்னொருவரைத் தனியாக எழுதச் சொல்லி ஒப்பிட்டால் இன்னும் நல்லது. எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் இரண்டாவது குப்பி வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள்.

முதலில் மருத்துவரிடம் போக வேண்டியவை

ஃபெரோமோனால் நேரடித் தீங்கு கிடையாது. ஆனால் அதை நம்பிக் காத்திருந்ததால் உயிர் போகலாம். சுத்தமாக இருந்த பூனை திடீரென்று வெளியே சிறுநீர் கழித்தால் சிறுநீர்ப்பை அழற்சியாகவோ சிறுநீரகக் கோளாறாகவோ இருக்கலாம். வயதான பூனைக்கு மூட்டுவலியால் லிட்டர் பாக்ஸின் விளிம்பைத் தாண்ட முடியாமலும் இருக்கலாம். இரவில் காரணமின்றிக் கத்தும் முதிய பூனைக்குத் தைராய்டு மிகையாகச் சுரக்கலாம். இரவெல்லாம் அலையும் முதிய நாய்க்கு மறதி நோய் தொடங்கியிருக்கலாம். தொட்டால் உறுமும் நாய்க்கு எங்கோ வலிக்கலாம். இவற்றில் எதையும் வாசனைச் செய்தி தீர்க்காது.

நாயின் பயம் கதவைப் பிறாண்டி நகம் பிய்யும் அளவுக்குப் போயிருந்தால் அதற்கு மருந்துகள் இருக்கின்றன. பிரிவுப் பதற்றத்துக்குக் குளோமிப்ரமினும் ஃபுளூவோக்ஸெடினும் அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. சத்த பயத்துக்கென்றே ஈறில் தடவும் டெக்ஸ்மெடிடோமிடின் ஜெல்லுக்கு 2015-இல் அங்கே அனுமதி கிடைத்தது. மருத்துவர் மேற்பார்வையில், நடத்தைப் பயிற்சியோடு சேர்த்து இவற்றைக் கொடுக்கலாம். கூடவே டிஃப்யூசர் ஓடிக்கொண்டிருந்தாலும் தவறில்லை.

ஆண் பூனைக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். லிட்டர் பாக்ஸுக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்கிக்கொண்டு உட்கார்ந்தும் சொட்டுகூட வரவில்லை, அல்லது பிறப்புறுப்பை நக்கிக்கொண்டே கத்துகிறது என்றால், சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கலாம். மன அழுத்தமும் இதைத் தூண்டும் காரணங்களில் ஒன்று என்பதால், 'டென்ஷனாக இருக்கிறது, டிஃப்யூசர் வைத்துப் பார்ப்போம்' என்று நினைத்துவிடுகிறார்கள். முழு அடைப்பில் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். அன்று கூண்டுக்கு ஸ்பிரே அடித்துப் 15 நிமிடம் காத்திருக்கவும் வேண்டாம்.